கல் தெரிந்த மாப்பிள்ளை

கும்மிடிப்பூண்டிக்கு வந்த முதல் வாரம், டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, டீயா?" என்று கேட்டார். நைனா என்றால் அப்பா என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். கடைக்காரருக்கு என்னைவிட இருபது வயதாவது கூடுதல் இருக்கும். ரங்கூனில் பிறந்து வளர்ந்த எனக்குப் பர்மியர்கள் வைத்திருந்த பெயர் 'கலா', அதாவது அக்கரையிலிருந்து வந்தவன். அக்கரைக்கே வந்து சேர்ந்ததும், கலியாணம்கூட ஆகாமல் அப்பாவாகிவிட்டேன். கப்பலேறாமல் அங்கேயே தங்கிவிட்ட உங்களில் சிலர், எங்களுக்கு இங்கே மொழிச் சிக்கல் இராது என்று எழுதுகிறீர்கள். 'கல்' என்ற சின்னத் தமிழ்ச் சொல்லால் என் கலியாணம் நிச்சயமாகி, அதே சொல்லால் முறியவிருந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதிதாக வந்த ஓர் இரும்புத் தொழிற்சாலையில், சாமான் கிடங்கில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் முனிரத்தினம் தம் மகள் கஸ்தூரிக்கு என்னைப் பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்று, "ரங்கூன்ல இன்னா வேல பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"கல்லு கம்பெனியில சூப்பர்வைசருங்க. தரம் பாத்துப் பிரிச்சுக் குடுப்பேன்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. உழைப்பாளியை மதிக்கிற மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். நான் சொன்னது சாலைக்குப் போடும் கருங்கல் ஜல்லியை. ரங்கூனுக்கு வெளியே ஒரு மலைச்சரிவில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முக்கால் அங்குலம் ஒரு குவியல், ஒன்றரை அங்குலம் ஒரு குவியல் என்று நாள் முழுக்கப் பிரிக்கச் சொல்லி நின்றவன் நான். அவர் காதில் விழுந்தது மாணிக்கம்.

அது எனக்குத் தெரிய வந்தது, மாப்பிள்ளை மோதிரம் வாங்க அவரும் கஸ்தூரியும் நானுமாகத் திருவள்ளூருக்குப் பஸ்ஸில் போகும்போதுதான். "கல்லு நீங்களே பாத்து எடுக்கணும் மாப்ள," என்றார் முனிரத்தினம். "சாதி சனம் அல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், பர்மாவுல கெம்பு யாவாரம் பண்ணவருன்னு."

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் எனக்கு வீடு கிடையாது, உறவு கிடையாது. அகதி அட்டையைத் தவிர என்னை இன்னான் என்று சொல்ல ஒரு காகிதமும் கிடையாது. கல் பொய் என்றானால், மற்றதை மட்டும் யார் நம்புவார்கள்? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கஸ்தூரியைப் பார்த்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நகைக்கடையில் நுழைந்ததுமே, "மாப்ள பர்மாக்காரரு. கல்லு அத்துப்படி," என்று அறிவித்தார் மாமனார். கடைக்காரர் ஊதா நிறத் துணியை விரித்து, மூன்று சிவப்புக் கற்களை வைத்து, ஒரு பூதக்கண்ணாடியையும் நீட்டினார். மூன்றும் எனக்கு மாதுளை முத்துப் போலவே தெரிந்தன. நடுவிலிருந்ததை எடுத்துக் கண்ணருகே பிடித்தபடி, பதற்றத்தில் மறு கையால் கடைக்காரர் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தேன். நல்ல காப்பி. என்னையறியாமல், "கௌண்டே," என்றேன். பர்மிய மொழியில் நன்றாயிருக்கிறது என்று பொருள்.

கடைக்காரர் பாதி எழுந்துவிட்டார். "இதுவா? இது கௌண்டேவா?" என்று அந்தக் கல்லைத் தனியே ஒரு காகிதத்தில் மடித்து, மேலே 'கௌண்டே' என்று எழுதினார். காப்பியைச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? பத்து நிமிடத்தில், கடையிலிருந்த பெண்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் கௌண்டே என்றேன். எல்லாரும் சந்தோஷமாகப் போனார்கள்.

கடைசியாகப் பெரியபாளையத்தில் பூ விற்கிற ஓர் அம்மாள் வந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், கைமோதிரத்தை விற்க வந்திருந்தார். "தங்கத்துக்குத்தான் காசு, கல்லு வெறும் கண்ணாடின்னு இவரு சொல்றாரு. நீ பாத்து நெஜத்த சொல்லு நைனா," என்றார்.

இவரிடம் மட்டும் கௌண்டே வாயில் வரவில்லை. "எனக்குக் கல் தெரியாதும்மா," என்றேன். "நான் பார்த்தது ரோட்டுக்குப் போடுற ஜல்லி. இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் சும்மா."

மாமனார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கலியாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

கடைக்காரர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "பெரிய யாவாரிங்க நாலு பேர் எதிர்ல தெரியாதுன்னுதான் சொல்வாங்க," என்றார். அந்த அம்மாளின் மோதிரத்தை வாங்கி மறுபடி பார்த்து, என்னையும் ஓரக்கண்ணால் பார்த்தார். "சரிம்மா, வெளிச்சம் பத்தல. கல்லுக்கும் சேத்தே குடுக்கறேன்." பிறகு என் காதருகே குனிந்து, "உங்க மோதிரத்துக்குக் கூலி வாணாம். எங்க கடைக் கல்ல ஜல்லி கில்லின்னு வெளிய பேசிக்கினு இருக்காதீங்க," என்றார்.

மாமனார் பஸ் நிலையம் வரை என் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. "ஜல்லின்னு ஒரே போடா போட்டீங்களே மாப்ள. அவன் ஆடிப் பூட்டான்," என்று மூன்று முறை சொன்னார். நான் மறுக்க மறுக்க அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

பஸ்ஸில் அவர் கண்ணயர்ந்ததும் கஸ்தூரி திரும்பினாள். "நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

"ஜல்லி?"

"அது நல்லாத் தெரியும்."

"அது போதும்," என்றாள். சற்றுத் தூரம் போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். செங்குன்றம் சாலை தாண்டியும் நிறுத்தவில்லை. இந்தக் கரையில் என்னை நம்பிய முதல் ஆள் அவள்தான்.

கலியாணத்தன்று, முகாமிலிருந்து வந்திருந்த நம் ரங்கூன்காரர்கள் மோதிரம் போட்ட என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்கள். "நம்ம ஊர்க் கல்லுப்பா, பார்த்தாலே தெரியுது," என்று ஒருவர் கண்கலங்கினார். கஸ்தூரியின் சித்தப்பா அதே கையைத் தம் பக்கம் இழுத்து, "இது திருவள்ளூர்ல வாங்கனதுங்க. நம்மூரு கல்லு," என்றார். யாரும் விடுவதாயில்லை. பந்தியில் என் இலையில் சோறு விழுந்து ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட வேண்டிய கை அவர்கள் இரு தரப்பாரிடமும் இருந்தது.