கம்புதாங்க

வெள்ளிமலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கம்பு ஊன்றித் தாண்டுவதில் மாநிலத்தையே ஜெயித்த பெண். பதக்கத்தோடு பேப்பரில் பார்த்த அதே அகன்ற தோள்கள். ஓடத் தொடங்குமுன் துடைப்பதுபோல, உள்ளங்கைகளை அடிக்கடி புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இன்னா பண்றீங்க?" என்றேன்.

"கம்புதாங்க."

விடாமல் தாண்டுகிறாரே என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். "இப்ப எவ்ளோ உயரம்?"

தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "மழ கம்மிங்க. இவ்ளோதான் வளந்துக்கினு இருக்குது. கதிரே இன்னும் வரல."



அவருடைய ஊரில் இறங்கியவர், சாலையோரம் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே மேகமில்லாத வானம். மழையைத் தேடினாரா, தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியைத் தேடினாரா? பஸ் நகர்ந்த பிறகும் அவர் தலையைத் தாழ்த்தவில்லை.