யோகண்ணை நாய் கொடுக்காத வீடுகள்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. தோர்ன்டன் ஹீத்தில் ஒரு வீட்டில் பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையெல்லாம் கரியோடு நின்றேன். போன் விடாமல் துடித்தது. திறந்தால், கைகூப்பிய சின்னப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே யோகண்ணையின் முகம். சுற்றிவர மலர்வளையம். நோர்பரியைச் சேர்ந்த யோகநாதன் இறைவனடி சேர்ந்தார் என்று ஒரு வரி. காலையில் நாயோடு நடந்துவிட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றும்போது நெஞ்சு நின்றுவிட்டதாம்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் படத்தை எடுத்தவன் நான். கென்டில் ஒரு குளக்கரையில், தன் நாய் அஸ்தாவை அணைத்தபடி அவர் சிரித்துக்கொண்டிருந்த படம். யாரோ ஒரு கெட்டிக்காரன் நாயை வெட்டி எறிந்துவிட்டு மனிதனை மட்டும் வைத்திருக்கிறான். அதையும் ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை. இடது தோளுக்குக் கீழே மண்ணிறக் காதின் நுனி அப்படியே நிற்கிறது. அதன்கீழ் அத்தனை பேர் இரங்கல் எழுதினீர்கள், ஒருவர்கூட அந்தக் காது யாருடையது என்று கேட்கவில்லை.

செத்த வீட்டில் பேசியவர்களும் ‘விலங்குகளில் அன்பு கொண்டவர்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பாம்! ஊர்ச் சங்கத்தில் பூனை வளர்ப்பவருக்கும் அதைத்தான் சொல்வார்கள். யோகண்ணை ஜெர்மனியில் ஒரு காட்டோர உணவகத்தில் சமையல்காரராக இருந்தவர். சாப்பிட வந்த வேட்டைக்காரர்களோடு லீவு நாட்களில் காட்டுக்குப் போய், அவர்களுடைய நாய்களைப் பழக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டவர். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக நம்மில் பலரைப் போல லண்டனுக்கு வந்தார். வரும்போது அந்த வித்தையையும் விடாமல் கொண்டுவந்தார்.

ஜெர்மன்காரர் இந்த வேட்டை நாய்களை ஒரே ஒரு வேலைக்கென்று வளர்ப்பதில்லை. புல்வெளியில் பறவையின் வாடை பட்டால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நின்று காட்ட வேண்டும். சுட்டு விழுந்ததைப் புதருக்குள்ளிருந்தும் குளிர்ந்த தண்ணீருக்குள்ளிருந்தும் பல் படாமல் எடுத்துவர வேண்டும். காயத்தோடு ஓடிய மானை மறுநாளும் இரத்த வாடை பிடித்துத் தேட வேண்டும். இத்தனையும் ஒரே நாய் செய்ய வேண்டும். இதைக் கேட்டவுடன் நம்முடைய ஆட்களுக்கு ஆசை வந்துவிடும். எல்லாம் அடங்கிய போன் பேக்கேஜ் போல ஒரு நாய் என்று நினைப்பார்கள். யோகண்ணை தலையில் அடித்துக்கொள்வார். “எல்லா வேலையும் செய்யிற நாய் எண்டால், எல்லாருக்குமான நாய் எண்டு நினைக்கிறாங்கள்” என்பார்.

ஹரோவில் ஒரு குடும்பம் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் வைமரானர் நாய் ஒன்றை வாங்கியது. குடிபுகுந்த விழாப் படங்களில் அது அழகாகத்தான் இருந்தது. பிறகு சோபாவைத் தின்றது, கதவைத் தின்றது, மிச்சமிருந்த கார்ப்பெட்டையும் பிய்த்தது. யோகண்ணையைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அவர் நாயை ஒரு வார்த்தை ஏசவில்லை. “இது எங்கை ஓடுறது?” என்று கேட்டார். வீட்டுக்காரர் பெருமையாகப் பின்வளவுப் புல்தரையைக் காட்டினார். “அது நாயின்ரை கக்கூஸ். வேலை எங்கை?” என்றார் யோகண்ணை. வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணி வரும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அதுவும் போனது.

அதனால்தான் அவர் மூலம் குட்டி எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. ஜெர்மனியில் உள்ள நல்ல வளர்ப்பாளர்கள் காசைக் காட்டினாலும் கண்டவர்களுக்குக் குட்டி கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவன் குட்டியைத் தெரிவுசெய்வதில்லை, அவர்கள்தான் வாங்குகிறவனைத் தெரிவுசெய்வார்கள். யோகண்ணை சரியென்றால் சரி என்ற அளவுக்கு அவர் சொல்லை மதித்தார்கள். அந்த வழக்கத்தை அவர் இங்கே நம்முடைய வீட்டு வாசல்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். நாங்கள்தான் எல்லாச் சப்பாத்தையும் வாசலில் கழற்றிக் குவிக்கிற சனம் ஆயிற்றே. அவர் வந்தால் உள்ளே பார்க்க மாட்டார். வாசலில் நின்று அந்தக் குவியலைப் பார்ப்பார். சேறு காய்ந்த சப்பாத்து ஒரு சோடியாவது கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் அங்கேயே முடிவு எழுதியாகிவிடும். உள்ளே நாங்கள் வடை சுட்டு வைத்துக் காத்திருப்போம்.

என் வீட்டுக்கும் வந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாய்ப் பைத்தியம் என்று அவருக்குத் தெரியும். அவரோடு எத்தனை சனிக்கிழமை கென்டுக்குக் கார் ஓட்டியிருப்பேன்! குவியலைப் பார்த்தார், வடையைச் சாப்பிட்டார், “உனக்கு ஏலாது” என்று மறுத்துவிட்டார்.

“ஏன் அண்ணை?”

இன்னொரு வடை எடுத்தார். அடுத்த வருஷமும் கேட்டேன், அதற்கடுத்த வருஷமும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு கதை கதைத்தார். நாயைப் பழக்கும்போதும் அவருக்கு அதே குணம்தான். எந்தக் கட்டளையையும் திரும்பச் சொல்ல மாட்டார். “ஒருக்கால் சொல்லு. ரெண்டாந்தரம் சொன்னியெண்டால், முதல் சொன்னது பொய் எண்டு நாய்க்கு விளங்கிடும்” என்பார். நாய்க்குச் சரி அண்ணை, நான் மனிதன் அல்லவா? எத்தனை நாள் எனக்கு விசர் பிடித்திருக்கிறது தெரியுமா?

ஒரு மார்கழியில் கென்டில் ஒரு பண்ணைக்காரர் கூப்பிட்டார். முதல்நாள் காரில் அடிபட்ட மான் ஒன்று காலை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தது. யோகண்ணை அஸ்தாவுக்கு நீளக் கயிறு மாட்டினார். வட லண்டன் எட்மண்டனிலிருந்து டாக்டர் கயல்விழியும் வந்திருந்தார். மதுரைப் பக்கத்துப் பெண். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவர். லீவு கிடைக்கும் நாட்களில் எங்களோடு சேர்ந்து நடப்பார், அதிகம் பேச மாட்டார். அன்று மழை. மான் போன பக்கம் பள்ளத்தை நோக்கி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அஸ்தாவோ நேர் எதிரே முட்புதருக்குள் மூக்கை விட்டது. “அண்ணை, நாய் பிழையாப் போகுது” என்றேன். “அதுக்கு மூக்கு இருக்கு, உனக்கு வாய் இருக்கு” என்றார். கயல்விழி கயிற்றைப் பிடித்தபடி முழங்காலில் முள்ளுக்குள் புகுந்தார். மான் அங்கேதான் கிடந்தது, உயிரோடு. பண்ணைக்காரர் அதன் வேதனையை முடித்துவைத்தார். யோகண்ணை அஸ்தாவின் மோவாயில் தொங்கும் தாடியைத் தடவிக்கொடுத்தார். நான் குடையோடு ஓரமாக நின்றேன்.

அவர் போன பிறகு அந்த அஸ்தாவுக்கு இடம் இல்லாமல் போனது. மகன் பிளாட்டில் இருக்கிறான், அங்கே நாய் வைக்க விடமாட்டார்கள். அவர் மனைவி ராணி அக்காவுக்கு முழங்கால் நோ. துக்கம் கேட்க வருகிற சனத்துக்காக நாயைப் பின்வளவில் கட்டி வைத்திருந்தார்கள். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். “உனக்குத்தானே நெடுக விருப்பம். கொண்டுபோ. நீயே வைச்சிரு, இல்லாட்டி நல்ல ஆளாப் பாத்துக் குடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னம் ஒரு முடிவு எடு” என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் இல்லை என்ற மனிதனின் நாயே என் காரின் பின்சீட்டில்!

செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனோர் பார்க்கில் மொத்தக் கடை வைத்திருக்கும் ஒருவர், பெயர் வேண்டாம், கிடங்குக் காவலுக்குக் கேட்டார். “ஜெர்மன் நாய் எண்டால் கடிக்கும்தானே?” என்றார். கட்டி வைத்தால் வாசலில் நின்று குரைக்குமாம். ஆறு தாண்டி வாத்து எடுத்து வருகிற நாய்க்கு இதுவா வேலை? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்துக்கு நேரே கத்தியிருக்க வேண்டும். ஆனால் நானும் இந்தச் சனத்தில் ஒருவன்தானே. “பாப்பம் அண்ணை” என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கும் இல்லை என்று சொல்ல நமக்கு நா எழாது. பாப்பம் என்போம், பிறகு போனை எடுக்க மாட்டோம்.

பிறகு ஒரு வேலைநாள். மூன்று வீட்டுப் பாய்லர் பார்த்துவிட்டுக் களைத்து வந்து சோபாவில் சாய்ந்தேன். அஸ்தா எழுந்து வாசலுக்குப் போனது. என் வேலைச் சப்பாத்தை வாயில் கவ்வி வந்து, முன்னால் நேராக உட்கார்ந்து, என் கைக்குள் வைத்தது. “நல்ல பிள்ளை” என்றேன். என் முகத்தையே பார்த்தது, அடுத்தது என்ன என்று. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது திரும்பப் போய் மகளின் வெள்ளைச் சப்பாத்தைக் கொண்டுவந்தது. பிறகு மனைவி கோயிலுக்குப் போடும் செருப்பு. மகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். அஸ்தாவுக்கு அது விளையாட்டில்லை. ஒவ்வொன்றையும் கையில் தந்துவிட்டு வேலை கேட்டது. கடைசியில் வாசலில் ஒன்றும் மிஞ்சவில்லை, வீட்டிலிருந்த சப்பாத்தெல்லாம் என் மடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். சிமெந்துத் தூசி இருந்தது. ஒன்றிலும் சேறு இல்லை.

யோகண்ணையைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். பிறகு எட்மண்டனுக்குப் போன் எடுத்து, அஸ்தாவை வைத்திருப்பீர்களா என்று கேட்டேன்.

“எனக்கா?” என்றார் கயல்விழி. “நான் கேக்கவே இல்லையே. கேட்டா அவர் முடியாதுன்னுடுவாரோன்னு பயத்துலயே இருந்துட்டேன்.”

“ஷிப்ட் நேரத்திலை நாயை என்ன செய்வியள்?”

“நானும் என் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தித்தான் ஷிப்ட் போறோம். விடியறதுக்கு முன்னாடியே ஆத்தோரம் நடக்கப் போயிடுவேன், ஆமா, மழைன்னாலும்தான்.”

அஸ்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்தது. நான் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் இரண்டு சோடி ரப்பர் பூட்ஸ், கணுக்கால்வரை சேறு. பக்கத்தில் நாய் துடைக்கப் பழைய துவாய் ஒன்று ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அஸ்தா அந்தப் பூட்ஸை மோந்தது, தாண்டி உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து அழுதேன். செத்த வீட்டில் வராத அழுகை அது.

அந்தியேட்டிச் சாப்பாட்டில் மொத்தக் கடைக்காரர் என் பக்கத்தில் வந்து இருந்தார். நாயைப் பற்றி ஒரு முடிவும் சொல்லவில்லையே என்றார். யோகண்ணையிடமிருந்து எனக்கு ஒரு நாய் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரே ஒரு சொல்தான், அன்றுதான் அதை முதன்முதலாக எடுத்தேன்.

“ஏலாது” என்றேன்.

“ஏன் தம்பி?” என்றார் அவர்.

நான் வடையை எடுத்துக் கடித்தேன்.