பாதிப் பாய்

எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. மண் சுவர் வீடுகள், சுள்ளென்ற வெயில், தலையில் குடம் வைத்த மூன்று பெண்கள். மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் என்ற ரயில்வே பேட்டையில் இருந்த அந்த மிஷன் பள்ளிக்கு என்னைப் பற்றி ஏதோ பேச வந்த என் அம்மா, வந்த விஷயத்தை மறந்துவிட்டு அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டாள்.

"இது எந்தூரு மிஸ்ஸியம்மா? எங்க பக்கத்து ஆளுங்க மாதிரியே இருக்காங்களே."

மிஸ்ஸியம்மா அமெரிக்காவிலிருந்து வந்தவர். அது தன் ஊர்ப்பக்கம் என்றார். அந்தப் பெண்கள் புவெப்லோ என்ற ஆதிகுடிகள். வெள்ளைக்காரர்கள் போவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வீடு கட்டி வாழ்ந்தவர்கள். அவருடைய அப்பா ஒரு பாலைவன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தாராம். ரயில் வந்து நின்றால் இந்தப் பெண்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தாங்கள் செய்த பானைகளை விற்பார்களாம். அவர்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சொந்தம், தாய்க்குப் பின் மகளுக்கு. எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன்.

"வீடு பொம்பளைக்கா? அப்ப புருஷன் செத்தா தெருவுல நிக்க வேணாம். நல்ல ஊருதான்" என்றாள் அம்மா.

அவள் சும்மா சொல்லவில்லை. என் அப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். நாங்கள் இருந்தது ரயில்வே குவாட்டர்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனதும், காரியம் முடிந்த கையோடு அந்த அம்மாளைச் சாமானும் பிள்ளைகளுமாக வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா எந்த வீட்டைப் பார்த்தாலும் இது யார் பேரில் இருக்கிறது என்றுதான் கேட்பாள்.

சில வருஷங்கள் போயின. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் அந்தப் பள்ளியிலேயே படித்துவிட்டு, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த வேண்டும். தன் ஊர்ப் புவெப்லோ பெண்களைப் பற்றித் திரையில் விளக்குப் படம் காட்டிப் பேச வேண்டும். அதோடு இந்த மண்ணின் ஆதிப் பெண்களையும் மேடைக்கு அழைத்து, அவர்கள் கைவேலையை ஊருக்குக் காட்ட வேண்டும். "யாரும் அவர்களை மதிப்பதில்லை. நாம் மதிப்போம்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அன்று மட்டும் யாராவது அவரைக் குறை சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சுங்கை பூலோவுக்கு அப்பால், லோரித் தடம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கம்பம் என்கிற சின்னக் குடியிருப்பு ஒன்று. அங்கிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நாங்கள் அப்போது அவர்களைச் 'சக்காய்' என்றுதான் சொல்வோம். அது அடிமை என்று ஏசுகிற சொல் என்று தெரியாமலே சொன்னோம். தங்களைத் தெமுவான் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி என் வயதுக்காரி. மற்றவள் அவளுடைய சின்னம்மா. இளையவளின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நடக்கத் தெரிந்த பிள்ளைதான், ஆனால் பிரிக்பீல்ட்ஸைப் பார்த்ததும் இறங்க மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. ரயில் கூவும்போதெல்லாம் தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

பள்ளியின் பின்கட்டில் அவர்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். என் மலாய் நன்றாக இருந்ததால் அவர்களோடு பேசுகிற வேலை எனக்கு வந்தது. இளையவள் தாழை ஓலையைக் கீறி, ஈரம் காயாமல் துணியில் சுற்றி வைத்து, தரையில் உட்கார்ந்து பாய் முடைவாள். குழந்தை அவள் முதுகில் சாய்ந்துகொண்டு மீந்த ஓலை நறுக்கை மென்றுகொண்டிருக்கும். பேச்சுக் குறைவு. ஆனால் கிண்டல் உண்டு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் புவெப்லோ பெண்களாக வேடம் போட்டு, பித்தளைக் குடத்தின் மேல் காகிதம் ஒட்டிக் கோலம் தீட்டி, தலையில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே போட்டு 'டங்' என்று சத்தம் வந்தபோது, அவளும் சின்னம்மாவும் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சேர்ந்து சிரித்தது. அந்தக் குழந்தை சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் மூங்கில் குழாய்களும் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நெட்டை ஆண், குட்டை பெண். இரண்டையும் இரண்டு கையில் பிடித்து, கீழே கிடத்திய கட்டையில் மாற்றி மாற்றி இடிப்பார்கள். உள்ளே காற்று அடைபட்டு 'தும், தொம்' என்று கேட்கும். எனக்கு அது வயிற்றில் கேட்பது போல இருக்கும். போன வருஷம் இந்த மூங்கிலைத் தொடவே இல்லை என்று சின்னம்மா ஒருநாள் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். வீட்டில் சாவு விழுந்தால் மூங்கிலைக் கிடத்திவிட வேண்டுமாம். துக்கம் கழிக்கிற விருந்து முடியும்வரை அந்த வீட்டார் அதை ஒலிக்க விடக்கூடாதாம். ஒலித்தால் போனவர் போக முடியாமல் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். நான் இதை மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அவர் ஆசையாகக் கேட்டார். மேடையில் பேசுவதற்கு நல்ல விஷயம் என்றார்.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் லேசாக. மறுநாள் தொட்டால் சுட்டது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னாள். ஊரில் பார்க்கிறவர் இருக்கிறார், அவர் பார்த்தால் சரியாகும், இங்கே பிள்ளையின் உயிருக்கு வழி தெரியவில்லை என்றாள். நான் அப்படியே மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். என் பங்குக்கு, அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. அழைப்புக் கொடுத்தாகிவிட்டது. பெரிய துரையின் மனைவி வருகிறாள். வசூலாகிற பணத்தில் அந்தக் கம்பத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக அவர் நினைத்திருந்தார். அதுவும் பொய்யில்லை. ஊர் வைத்தியத்துக்கு அனுப்பினால் குழந்தை செத்துப்போகும், ஆஸ்பத்திரியில் பிழைக்கும் என்று அவர் மனதார நம்பினார். தானே ரிக்ஷாவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் தாயை உள்ளே விடவில்லை. பார்க்கிற நேரத்துக்கு மட்டும் வா என்றார்கள். அந்த நேரத்துக்குப் போனபோது காட்டுப் பெண் என்று வாசல்காரன் விரட்டினான். நானும் கூடப் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் எட்டி நின்று பார்க்க விட்டார்கள். குழந்தை அவளைப் பார்த்துக் கை நீட்டியது.

அன்று சாயங்காலம் அம்மா அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவள் அதைத் தொடவில்லை.

"புள்ளைக்காரி புள்ளைகிட்டதாண்டி இருக்கணும். எந்த வெள்ளைக்காரி சொன்னா என்ன? நீ போய்ச் சொல்லு" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேம்மா. கேக்கலையே."

"கேக்குற மாதிரி சொல்லணும்" என்று என் மேலேயே பாய்ந்தாள். எங்கள் வீட்டில் யார் மேல் கோபம் என்றாலும் கடைசியில் அது என் தலையில்தான் விடியும்.

நிகழ்ச்சி நாளன்று குழந்தையின் தாய் வேலை செய்ய மறுத்து மூலையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னம்மா கெஞ்சிப் பார்த்தாள். மத்தியானம் கழிந்து மிஸ்ஸியம்மா வந்தார். கண் சிவந்திருந்தது. ஓடியாடி அலைந்த களைப்பு என்று நினைத்தேன். "இன்றைய நிகழ்ச்சி முடிந்ததும் நேராகக் குழந்தையிடம் அழைத்துப்போகிறேன். நானே அழைத்துப்போகிறேன். அவளிடம் சொல்" என்றார். நான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பொய் சொல்கிறேனா என்று. நான் பொய் சொல்லவில்லை. அவள் எழுந்து முகம் கழுவி, ஓலையில் பின்னிய கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தில் படம் பிடித்தார்கள். மூங்கிலைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார் படக்காரர். அவள் சிரித்தாள்.

கூடம் நிறைந்திருந்தது. விளக்குப் படத்தில் புவெப்லோ பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். களிமண் பிசைகிறவள், சோளம் அரைக்கிறவள், ஏணி வைத்து மாடிக்கு ஏறுகிறவள். வீடு பெண்ணுடையது என்று மிஸ்ஸியம்மா சொன்னபோது முன்வரிசை ஆண்கள் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் காகிதம் ஒட்டிய குடங்களோடு வந்து கும்பிட்டுப் போனார்கள். பிறகு அவள் மேடையில் உட்கார்ந்து பாய் முடைந்தாள். பாதி முடிந்தபோது, காட்சிசாலைக்குப் பொருள் சேர்க்கிற துரை ஒருவர் கையை உயர்த்தி, போதும், இப்படியே விட்டுவிடச் சொல் என்றார். ஓரம் முடியாமல் ஓலைகள் தொங்கிக்கொண்டிருந்தால்தான் எப்படி முடைகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியுமாம். அவள் கையை எடுத்துவிட்டாள். பாயைச் சுருட்டித் துரைக்கென்று ஓரமாக வைத்தார்கள்.

கடைசியில் மூங்கில். அவளும் சின்னம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து இடித்தார்கள். அவள் வேகமாக இடித்தாள். சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவசரம் அது. கூட்டத்துக்கு அது உற்சாகமாகத் தெரிந்தது. இன்னொரு தடவை என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மிஸ்ஸியம்மாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அவள் இன்னொரு தடவையும் இடித்தாள்.

எல்லோரும் போன பிறகு மிஸ்ஸியம்மா எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். அந்தக் குடக்காரப் பெண்களின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார், குழந்தை இறந்துவிட்டது என்று. நான் மலாயில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எப்போது?

நான் கேட்டேன். மிஸ்ஸியம்மா பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. மத்தியானம் என்றார்.

நான் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே சின்னம்மா வாயில் துணியைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நான் இடித்தேனே" என்று மலாயில் சொன்னாள். "அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நான் இடித்துக்கொண்டிருந்தேனே." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று மிஸ்ஸியம்மா கேட்டார். உங்களுக்கே தெரியும், நான்தான் முன்பே சொன்னேனே என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் கெட்டவர் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் என் ஆத்திரம் ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவர் என்றால் ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனோம். என் அம்மாவும் வந்தாள். குழந்தையைக் கம்பத்துக்கே கொண்டுபோக மிஸ்ஸியம்மா லோரி பேசியிருந்தார். சுற்றுவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணி கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். பாய் வேண்டும் என்றாள். தங்கள் ஆட்களைப் பாயில்தான் சுற்றுவார்களாம். வேறு பாய் முடைய ஓலையும் இல்லை, நேரமும் இல்லை. நான் பள்ளிக்கு ஓடினேன். துரைக்கென்று எடுத்து வைத்த பாயை மிஸ்ஸியம்மாவே எடுத்து என் கையில் கொடுத்தார். துரைக்கு என்ன சொல்வது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிணவறை வராந்தாவில் அவள் பாயை விரித்து உட்கார்ந்தாள். காய்ந்துபோன ஓலை நுனிகளுக்கு அம்மா செம்பிலிருந்து தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். அதற்குள் தோட்டக்காரன், வாசல்காரன், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. காட்டுப் பெண் பாய் முடைகிறாள் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா தோளில் போட்டிருந்த மாற்றுச் சேலையை உதறினாள். "அந்தப் பக்கம் பிடிடி" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அவளுக்கு முன்னால் மறைப்புக் கட்டி நின்றோம். "போங்கய்யா, போய்ச் சோலியப் பாருங்க. இங்க என்ன கூத்தா நடக்குது" என்று அம்மா விரட்டினாள். நாங்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். பின்னால் ஓலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. துரை நிறுத்தச் சொன்ன அந்தப் பாதிப் பாயே குழந்தைக்குப் போதுமான நீளம் இருந்தது. அவள் ஓரத்தை மட்டும் மடித்து முடித்தாள்.

லோரி புறப்படும்போது மூங்கில்களை நான் தூக்கிக் கொடுத்தேன். சின்னம்மா வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். அவை வெகுநாள் பள்ளியின் பின்கட்டில் சாத்தியபடி கிடந்தன. யாரையும் நான் தொட விடவில்லை.

முற்றத்தில் எடுத்த படம் வந்ததும், குடக்காரப் பெண்களுக்குப் பக்கத்தில் அதை மிஸ்ஸியம்மா சட்டம் போட்டு மாட்டினார். வேண்டாம் என்று சொன்னேன். அவள் நினைவாக இருக்கட்டும் என்றார். வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்து, எவ்வளவு சந்தோஷமான ஜனங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்து, டீச்சர், இவங்க ஏன் சிரிக்கிறாங்க என்று கேட்பார்கள். பிள்ளைகளிடம் அதையெல்லாம் சொல்லாதே என்று மிஸ்ஸியம்மா என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

நான் சொன்னேன். கேட்ட ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன், அதனால் சிரிக்கிறாள் என்று.