இடமாற்றம் இல்லாத ஒருவர்

பாலையூற்று ஊர்க்காரர் றெஜினோல்ட் பேய்க்குப் பயந்ததில்லை, இடமாற்றத்துக்குத்தான் பயந்தார். துறைமுகப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பியோனாக இருந்து ஓய்வுபெற்றவர். குடியிருக்கக் குவார்ட்டர்ஸ் தருவதாக ஒரு மேலதிகாரி வாக்குக் கொடுத்தார், மாறிப் போனார். அடுத்து வந்தவருக்கு றெஜினோல்ட் முதலிலிருந்து கதை சொன்னார். அவரும் தலையாட்டிய கையோடு கொழும்புக்கு மாறினார். இப்படியே தலையாட்டல்களைச் சேகரித்து, றெஜினோல்ட் வாடகை வீட்டிலிருந்தே பென்சன் எடுக்கலானார்.

இப்பேர்ப்பட்டவருடைய மனைவி மெற்றில்டாவின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாகத் தெரியவந்தது. பங்குத்தந்தை நிக்சன் வீடு தேடி வந்து, எண்ணெய் பூசி, உருக்கமாகச் செபித்தார். றெஜினோல்ட்டுக்குப் பாதி மூச்சு வந்தது. "பயப்பிடாதேங்கோ, நான் பாக்கிறன்" என்றார் ஒப்பரேஷன் செய்யவிருந்த டொக்டர். மீதி மூச்சும் வந்தது.

ஒப்பரேஷனுக்கு முந்திய ஞாயிறு பூசையில் அறிவித்தார்கள்: ஃபாதர் நிக்சனுக்கு மாற்றம். மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: டொக்டருக்கும் மாற்றம்.

றெஜினோல்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடினார் கோயிலுக்கு. புதிய ஃபாதர், இளம் மனிதர், புத்தகப் பெட்டியின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், பழைய ஃபாதர் என்ர மனுசிக்காகச் செபிச்சவர். அது இப்பவும் செல்லுமோ? இல்லாட்டித் திரும்பப் போடவேணுமோ?"

"என்னத்தைப் போடுறது?"

"விண்ணப்பத்தை."

"ஐயா, அது ஃபாதர் நிக்சனுக்குப் போட்டதில்லையே. ஆண்டவருக்கெல்லோ?"

"ஓம், அது தெரியும். ஆனால்..."

மேலிடத்திலும் ஏதும் மாற்றமோ என்ற கேள்வி றெஜினோல்ட்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மரியாதை கருதி விழுங்கிக்கொண்டார்.

"இந்தக் கயிறை ஒருக்காப் பிடியுங்கோ," என்றார் ஃபாதர்.

ஒப்பரேஷன் நாள் காலை, மெற்றில்டா தள்ளுகட்டிலில் கிடந்தார். றெஜினோல்ட் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்; கம்பி கிடுகிடுத்தது.

"இஞ்சேருங்கோ, வெட்டுறது எனக்கு. நீங்கள் ஏன் நடுங்குறியள்?"

"எல்லாரும் மாறிப்போச்சினம், மெற்றில்டா. புது டொக்டருக்கு உன்ர கதை ஒண்டும் தெரியாது."

"அவருக்குத் தெரியாட்டிப் பரவாயில்லை. தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கிறார். சண்டைக் காலத்திலையும் அவர்தான், சுனாமிக்கையும் அவர்தான். கம்பியை விடுங்கோ, மிஸ்ஸி பாத்துக்கொண்டு நிக்கிறா."

தாதி கட்டிலை உள்ளே தள்ளினாள்; கதவு மூடியது.

றெஜினோல்ட் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். செபிக்க வேண்டும். அவருடைய செபம் எப்போதும் முறைப்படி முழுப்பெயர், குடியிருக்கும் ஒழுங்கை, பங்கு என்று தொடங்கும். ஆள்மாறாட்டம் நடந்துவிடக் கூடாதல்லவா? "ஆண்டவரே, அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட், பாலையூற்று..." அதற்கு மேல் வரவில்லை.

சுனாமி அன்று மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன மெற்றில்டாவைத் தேடி, சேற்றில் ஓடியபடி கத்தியது ஞாபகம் வந்தது. அன்று பெயரும் சொல்லவில்லை, விலாசமும் சொல்லவில்லை. "ஐயோ, அவள்!" என்று மட்டும்தான் கத்தினார். பின்னேரம் மெற்றில்டா ஒரு கூரையிலிருந்து உயிரோடு இறக்கப்பட்டார்.

"ஆண்டவரே, நான்தான்," என்றார் றெஜினோல்ட், மெல்லிய குரலில். "அண்டைக்குக் கத்தினவன். இண்டைக்கும் அவள்தான்."

அதோடு பயம் பறந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பறக்கவில்லை. ஆனால் அவர் எழுந்து ஓடவில்லை. இன்னொருவரிடம் போய் முதலிலிருந்து சொல்லவும் இல்லை. அங்கேயே இருந்தார்.

கடைசியில் கதவு திறந்தது. "கட்டி எடுத்தாச்சு, ஐயா. அம்மா முழிச்சிட்டா," என்றாள் மிஸ்ஸி. "சோதனைக்கு அனுப்பியிருக்கு. கெட்ட கட்டியோ எண்டு முடிவு வரத்தான் தெரியும்."

அந்தச் சோதனைப் பகுதிக்குப் பொறுப்பானவர் யார், அவர் எத்தனை காலம் இங்கே இருப்பார் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து, மெற்றில்டாவிடம் போனார்.