அஞ்ச வேண்டாம் என்று சொல்லிவைத்த ஒலி

செவிசாய்த்தல் ஓர் அறம். ஈகைக்குக் கை வேண்டும். இதற்கோ தன் பேச்சை நிறுத்திக்கொள்ளும் அடக்கம் வேண்டும். வாயில்லாப் பொருள்களுக்கும் அவ்வறத்தைச் செய்துவந்தவர், திருவொற்றியூரில் ஒரு மாடிக் குடியிருப்பில் வாழும் டோரதி அம்மையார்.

இராயபுரத்தில் பழைய சரக்குக் கிடங்கொன்றைத் திருத்தி அமைத்த சிறு அருங்காட்சியகத்திற்கு அவர் பொறுப்பாளர். பொருள்கள் மனிதரோடு எவ்வாறு பேசுகின்றன என்பதே இவ்வாண்டு அவர் ஏற்பாடு செய்த கண்காட்சியின் கரு. ஆலைச் சங்கு ஏன் ஏறி இறங்கி ஊதுகிறது, ஒரு கைப்பிடியின் வளைவு 'இழு' என்கிறதா 'தள்ளு' என்கிறதா என்றெல்லாம் எண்ணி எண்ணி, சங்கு, கப்பல் மணி, கிரேன் ஹாரன், ரயில் கார்டின் விளக்கு எனத் தேடிச் சேர்த்தார்.

அவர் வீட்டிலும் ஒரு கருவி இருந்தது. துறைமுகத்தில் நெடுங்காலம் நிலக்கரி இறக்கிய கணவர் யேசுதாஸின் நுரையீரல் கெட்டுப்போனபின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தூட்டும் அந்த மின்கருவியே அவருக்கு மூச்சாயிற்று. மின்சாரம் அற்றால் அது அலறும். அலறல் கேட்டு எவரேனும் வந்து, கட்டிலருகே மாற்றாக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட வேண்டும். யேசுதாஸின் கையில் அந்த வலு இல்லை. டோரதி வேலைக்குப் போகும் நாள்களில் வீட்டுச் சாவி கீழ்வீட்டு ஹில்டாவிடம் இருந்தது அதற்காகத்தான்.

கிடங்கின் உப்புக்காற்றில் சங்கும் மணியும் துருவேறவே, அவற்றை வீட்டிற்குக் கொணர்ந்து பழுது பார்த்தார். பேட்டரியில் இணைத்து ஊதிப் பார்க்காமல் பழுது தீராது. அயலார்க்கு இடையூறாகுமே என்று அஞ்சி, ஒரு தட்டு அச்சுமுறுக்கோடு கதவுதோறும் சென்றார்.

"எங்க வீட்ல எந்தச் சத்தம் கேட்டாலும் பயப்படாதீங்க. எல்லாம் கண்காட்சிக்குத்தான்."

"இன்னா யக்கா, ஹார்பரையே வூட்டாண்ட கொண்டாந்துட்டியா?" என்று சிரித்தாள் ஹில்டா.

தெரு பழகிக்கொண்டது. சங்கு ஊதினால் குழந்தைகள்கூடத் தலைநிமிர்த்தவில்லை.

கண்காட்சியின் திறப்புக்கு முந்தைய நாள் காலை, வேன் வந்து அத்தனையையும் ஏற்றிச் சென்றது. பரபரப்பில், எடுத்துப்போய்விட்டதை ஒருவரிடமும் சொல்லாமல் டோரதி புறப்பட்டார். பிற்பகலில் சங்கைச் சுவரில் பொருத்திக்கொண்டிருக்கையில் கைபேசி ஒலித்தது.

"யக்கா, உன் சங்கு ரொம்ப நேரமா ஒரே கத்தா கத்திகினு கீது. கொயந்த தூங்க மாட்டேங்குது. ஆஃப் பண்ணாம பூட்டியா?"

"சங்கு இங்க இருக்கு, ஹில்டா. என் எதிர்ல."

சொல்லி முடிக்குமுன்னே, ஹில்டாவின் குரலுக்குப் பின்னால் அது கேட்டது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே மெல்லிய அலறல்.

"அங்க கரண்டு இருக்கா?"

"எங்க கீது? டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு மத்தியானத்துலர்ந்து இல்ல."

"ஓடு ஹில்டா! அது சங்கு இல்ல, அவரோட மிஷின்! சாவி எடுத்துகிட்டு ஓடு!"

படியேறும் காலடி. கதவு திறக்கும் ஓசை. பிறகு ஓர் அழுகை.

"யக்கா, மாமா உதடு நீலமாகீது. கூப்டா கண்ண தொறக்கல."

"கட்டில் பக்கத்துல கருப்பு சிலிண்டர். மேல இருக்கிற சாவிய இடது பக்கம் திருப்பு."

"சுத்தல யக்கா! துரு புட்சிகீது!"

"துணியச் சுத்திப் பிடி! ரெண்டு கையாலயும்! மாதாவே, திருப்பு ஹில்டா!"

"இஸ்ஸுன்னு சத்தம் வருது."

"அதான். மூக்குக் குழாயை மிஷின்லருந்து புடுங்கி அதுல சொருகு. மூச்சு வருதா? ஹில்டா, மூச்சு வருதா?"

இணைப்பு அறுந்தது.

அம்மையார் சாலைக்கு ஓடினார். கண்டெய்னர் லாரிகள் மதில்போல் நின்றன. ஆட்டோக்கள் அசைய வழியில்லை. லாரிகளின் இடைவெளியில் பக்கவாட்டாய் நுழைந்து ஓடினார். மீண்டும் மீண்டும் அழைத்தும் மறுமுனை எடுக்கவில்லை. நாள்தோறும் சொல்லும் செபம் பாதியில் மறந்தது. "பயப்படாதீங்க" என்று தாம் சொன்ன சொல்லே நெஞ்சில் திரும்பத் திரும்ப ஒலித்தது. யாரோ ஒருவர் இரங்கித் தம் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

உயிர் இருந்தது. அவ்வளவே. அயலார் கொண்டுசேர்த்திருந்த அரசு மருத்துவமனையில் கண் விழித்த யேசுதாஸ் மனைவியை நோக்கினார். யாரென்று அறிந்ததாய்த் தெரியவில்லை. "பார்க்கலாம்" என்றார் மருத்துவர்.

மறுநாள் கண்காட்சி அவர் இல்லாமலே திறந்தது. கணவரின் மாற்றுடை எடுக்க வீடு வந்தவர், வெறுங்கையோடு மீண்டும் கதவுதோறும் நின்றார்.

"இனிமே எங்க வீட்ல என்ன சத்தம் கேட்டாலும் ஓடி வாங்க. நான் முன்ன சொன்னத மறந்துடுங்க."

"அயாத யக்கா," என்றாள் ஹில்டா. அவள் உள்ளங்கைகளில் துருச்சாவி கிழித்த காயங்கள். "இனிமே நீ தும்முனாகூட வந்து நிப்போம்."

டோரதியால் சிரிக்க இயலவில்லை.

உயிர்க்கெல்லாம் மூச்சாய் உலவும் இறைவன் அவ்வீட்டை மறவாதிருப்பானாக. யேசுதாஸ் தம் கட்டிலுக்கு மீள்வாராக. மனைவியைப் பெயர் சொல்லி அழைப்பாராக. அங்கே விளக்கு அணையாதிருக்கட்டும். அணையும் நாள் வரினும், முதல் அலறலிலேயே படிக்கட்டில் பல காலடிகள் கேட்கட்டும்.