காலண்டருக்குப் பின்னால் விரிசல்

தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்குப் பூங்கா வேண்டுமா, வீடுகளைப் பழுதுபார்க்க நிதி வேண்டுமா என்று மாநகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்களே என்று, சுவர் விரிசல் தெரியாமல் வேளாங்கண்ணி மாதா காலண்டரை மாட்டி வைத்தேன்.

வந்த பெண் சுற்றிப் பார்த்தார். "தெருவுல எல்லா வீடும் நல்லாத்தாங்க இருக்கு. பூங்கான்னே எழுதிடுறேன்."

எனக்குப் பெருமை. உட்காரச் சொல்லி மின்விசிறியைப் போட்டேன். காலண்டர் பறந்தது, விரல் நுழையும் விரிசல் தெரிந்தது.

"இதை ஏங்க மறைச்சீங்க?"

"வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"இதைப் பார்க்கத்தாங்க நான் வந்ததே."

எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்து வீடுகளுக்கு மறுபடியும் போனார். அங்கேயும் காலண்டர்களைத் தூக்கிப் பார்த்தாராம்.

இப்போதெல்லாம் யார் கணக்கெடுக்க வந்தாலும் முதலில் விரிசலைக் காட்டுகிறேன். காபி அப்புறம்தான்.