ஐடலில் நின்ற லாரி

‘ஐடல்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஹார்பரில் மூட்டை தூக்கிய என் நைனா. கப்பல் வராத நாளிலும் மழை பிடித்துக்கொண்ட நாளிலும் சீக்கிரமே திரும்பி, “இன்னிக்கு ஐடல்” என்று துண்டை உதறி ஆணியில் மாட்டுவார். அன்றைக்கு உலையில் அரிசி குறையும். பக்கத்து வீட்டு அண்ணன் மில் தொழிலாளி. நூல் இல்லாமல் தறி நின்றால் அவருக்கும் அது ஐடல்தான். இந்த இரண்டு பேரிடமிருந்தும் அந்த வார்த்தையைப் பொறுக்கி அம்மா என் தலையில் போட்டாள். “இன்னாடி, அரிசி பொடைக்காம ஐடலா குந்திகினு கீறே?” வேலை செய்து முடித்துவிட்டு உட்கார்ந்தாலும் இதே பாட்டுதான்.

லாரிக்காரர்களின் ஐடல் வேறு. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கரி டிப்போ இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய லாரிகள்தான் அங்கே வரும். அவற்றை லேசில் கிளப்ப முடியாது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும்; அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போச்சு. அதனால் டிரைவர்கள் டீ குடிக்கப் போனாலும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். “ஐடல்ல கீது, யாரும் கை வெக்காதீங்க” என்று கத்திவிட்டுப் போவார்கள். வண்டி நின்ற இடத்திலேயே தடதடவென்று உறுமிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட லாரி ஒன்றில்தான் என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்தார். எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றும் வண்டி அது. பக்கத்து சீட்டில் பூவும் பழமுமாக அவருடைய அம்மா. வாசலில் லாரியை நிறுத்தினார், இறங்கினார், எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. வீட்டுக்குள் சுவரில் மாட்டியிருந்த சாமி படமெல்லாம் ஆடியது.

உட்கார்ந்தவர் கையில் டீயைக் கொடுத்தேன். முதலில் அவர் அம்மாவுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் டீயில் வாய் வைத்தார். காதுக்குப் பின்னால் துடைக்க மறந்த கிரீஸ். மனுஷனை எனக்குப் பிடித்துப்போயிற்று, சொல்வதற்கென்ன வெட்கம்! ஆனால் நைனா கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் பாதி பதில்தான் சொன்னார். கண் வாசலிலேயே இருந்தது. எஞ்சின் கொஞ்சம் இருமினால் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

நைனா எழுந்து அடுப்படிக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“வண்டிய ஆஃப் பண்ணக்கூட நேரமில்லாதவன் பொண்ணு பாக்க எதுக்கு வந்தான்? என் வூடு இன்னா டீக்கடையா? தட்டு மாத்த வேணாம். மருவாதியா பேசி அனுப்பிடு.”

“மெதுவா பேசுய்யா, கேட்டுடப் போவுது” என்றாள் அம்மா.

அந்த மனுஷன் அவசரப்படவில்லை, வண்டி நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கரி டிப்போ டிரைவர்களின் முகத்தை நான் தினமும் பார்க்கிறவள் அல்லவா! ஆனால் பெண் பார்க்கும் வேளையில் பெண் வாய் திறந்தால் தொலைந்தாள். புதுப் புடவையோடு கொல்லைக் கதவு வழியாகச் சந்தில் ஓடினேன். நான் சொல்ல முடியாததை லாரியே சொல்லட்டும் என்று வாசலுக்கு வந்து அதன் கதவைத் திறந்து சுவிட்சை அணைத்தேன்.

தெருவே ஊமையாகிவிட்டது. அவர் உள்ளிருந்து ஓடி வந்தார். பின்னாலேயே எல்லோரும்.

“யாரு ஆஃப் பண்ணது?”

“நான்தான். இப்பவாவது எங்க நைனா கேக்கறதுக்கு ஒயுங்கா பதில் சொல்லுங்க” என்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். எஞ்சின் ஒரு முனகல் முனகியதோடு சரி. மறுபடி சுற்றினார். கஞ்சி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நைனா பக்கத்தில் போய் நின்றார்.

“ஏம்பா, ஆஃப் பண்ணா கெளம்பாதுன்னு சொன்னா இன்னா கொறஞ்சுடும்?”

“டிரைவர்னு சொல்லிகினு பொண்ணு கேக்க வந்துட்டு, வண்டி கெளம்பாதுன்னு எந்த வாயால மாமா சொல்றது?”

நைனா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார். டிப்போ ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். மூட்டை சுமந்து காய்ப்பேறிய தோளை லாரியின் பின்பலகையில் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் தாவி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். சக்கரம் உருண்டது. தெரு முனை நெருங்கும்போது நைனா போட்ட சத்தம் இந்தக் கோடியில் நின்ற எங்களுக்கே கேட்டது.

“இன்னும் இன்னா பாத்துகினு கீறே? கியரப் போடு மாப்ளே!”

அம்மா தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே ஓடினாள்.